சிவப்பு விளக்கு அணைந்த பிறகும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இப்போதைய முதலாளியம்மா கேட்டார். பேட்டரிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, எந்த ஒயரை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் போனில் பார்த்துக்கொள்கிறீர்கள். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, எனக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் நான் இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பில் என் கண் போகப் பார்த்தது. இரண்டாவது தப்பில் இன்னொருவருடைய வேலை போனது. ரொம்ப நாள் வரைக்கும் இரண்டுக்கும் ஒரு பழைய சார்ஜர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

இன்று நீங்கள் பார்க்கும் கண்ணாடி போட்ட ஷோரூம் அப்போது கிடையாது. பெருங்களத்தூருக்கு வரும் வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, ஒற்றை ஷட்டரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட வண்டி பேட்டரி, ஒயரிங் கடை. முதலாளி, நான், ஏழுமலை. மூன்று பேர்தான். ஏழுமலை என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். பீர்க்கன்கரணைக்காரர். வாய் ஓயாது. ஆனால் கை அதைவிட வேகமாக ஓடும். பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். மதியம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

சார்ஜர் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் இருந்ததால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு முள் மீட்டர். முள் அடிக்கடி பூஜ்யத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்து நிற்கும். அதை நாங்கள் ஒரு கோளாறாகவே நினைத்ததில்லை. வீட்டில் இருக்கும் பெரியவரின் இருமல் மாதிரி அதுவும் பழகிவிட்டது. சார்ஜரின் பிளக் ரேக்குக்குப் பின்னால் சுவரில் இருந்தது. பிடுங்க வேண்டுமென்றால் குனிந்து கையை உள்ளே விட வேண்டும். அதனால் யாரும் பிடுங்குவதில்லை. பெட்டியில் இருக்கும் சுவிட்சைத் தட்டுவோம், பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றுவோம், முடிந்தது. எப்போதாவது கழற்றும்போது சின்னதாக ஒரு பொறி தெறிக்கும். "ஏதோ மிச்சம் கரண்ட்டு" என்று சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சித்திரை மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக வேலை பார்க்கும் ஒரு அம்மா, காலையில் சார்ஜுக்குக் கொடுத்த பேட்டரியை வாங்க வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாமல் இருந்ததால் கார் மாதக்கணக்கில் எடுக்காமல் நின்று, பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் 'அந்த அம்மா' என்றே சொல்கிறேன்.

நான் ஒரு வேனில் ஹாரன் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"ஏழுமலை, அந்த அம்மா பேட்டரிய ஆஃப் பண்ணு. நான் வந்து எடுத்துத் தரேன்."

"ஆஃப் பண்ட்டேண்ணா. எட்த்துக்கோ."

நான் போனேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கவில்லை. மீட்டரைத் தட்டவில்லை. பிளக்கைப் பற்றி நினைக்கவே இல்லை. கண்ணுக்குப் போடும் கண்ணாடி, ஆணியில் மாட்டியபடி என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பைப் பிடித்து இழுத்தேன்.

சத்தத்தை நான் கேட்டதாகவே நினைவில்லை. ரோட்டில் போனவர்கள் டயர் வெடித்தது என்று நினைத்தார்களாம். பல மணி நேரம் சார்ஜில் இருக்கும் பேட்டரியின் மேலே தீப்பிடிக்கும் வாயு சேர்ந்து நிற்கும். அதன் மேல் பொறி விழுந்து, பேட்டரியின் மேல்மூடி பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த ஆசிட் என் வலது கண்ணிலும் கன்னத்திலும் சட்டையிலும் அடித்தது. நான் பின்னால் துள்ளியதில் ஒயரில் கால் மாட்டி, சார்ஜரும் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. முதலாளி ஓடி வந்து மெயினை இறக்கினார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எரிச்சல்தான். மிளகாய்த் தூள் பட்ட எரிச்சலை நூறு மடங்கு ஆக்கிப் பாருங்கள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

அப்போது யாரோ என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மாதான். கடைக்கு வெளியே வண்டி கழுவும் ஹோஸ் பைப் இருந்தது. அங்கே கொண்டுபோய் என்னை உட்கார வைத்தார்.

"கையை எடுங்க சார். எடுங்கன்னு சொல்றேன்!" பிறகு ஏழுமலையைப் பார்த்து, "நீங்க பைப்பைப் பிடிங்க. வேகமா வேணாம், மெல்ல வரட்டும். மூக்குப் பக்கத்துலேர்ந்து காதுப் பக்கமா ஓடணும். நல்ல கண்ணுக்குள்ள போயிடக் கூடாது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் ஆட்டோவை நிறுத்திவிட்டார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கப்பா, தண்ணி ஊத்திக்கினு நிக்கறீங்க!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். முதலாளியும் பதற்றத்தில், "கிளம்பலாம்மா, கிளம்பலாம்" என்றார். இன்னொருவர் டீக்கடையிலிருந்து பால் டம்ளரோடு வந்தார். எங்கள் கடையிலேயே ஆசிட் கொட்டினால் தூவுவதற்குச் சோடா உப்பு வைத்திருப்போம். முதலாளி அதைத் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்துவிட்டார்.

அந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு கையால் என் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் என் இமையை விரித்துப் பிடித்திருந்தார்.

"பால் வேணாம். சோடா தரைக்கு. கண்ணுக்குத் தண்ணி மட்டும்தான். ஆட்டோவை நிக்கச் சொல்லுங்க, இருபது நிமிஷம் கழிச்சுப் போகலாம்."

"இருபது நிமிஷமா? கண்ணு போயிடும்மா!" என்றார் முதலாளி.

"இப்படியே வண்டியில ஏத்தினாத்தான் சார் போகும். ஆசிட்டு வழியெல்லாம் வேலை செஞ்சுட்டே வரும்."

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை. ஒரு கூட்டம் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்போது, ஒரே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அத்தனை பேரும் அவரைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றார்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே தாரை தடுமாறி என் நெற்றிக்குப் போகும். ஏழுமலையின் கை நடுங்குகிறது என்று புரிந்தது. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

இருபது நிமிஷம் முடிந்ததும் அந்த அம்மாவே என்னோடு ஆட்டோவில் ஏறினார். தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரி வரும்வரை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். அங்கே டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "யார் கழுவினது?" என்பதுதான். "அவங்களுக்குப் பெரிய கும்பிடு ஒண்ணு போடுங்க. கழுவாம ஓடி வந்திருந்தா எனக்கு இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். இன்றைக்கும் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் என் வலது கண்ணுக்குக் கொஞ்சம் பூவாக விரியும். அவ்வளவுதான் மிச்சம். இதை எழுதுவதும் அந்தக் கண்ணால்தான்.

இனி இரண்டாவது தப்பு.

மூன்றாம் நாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். கண்ணில் கட்டு. வலியும் கோபமும் சேர்ந்து என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"என்ன ஆச்சு சேகர்? ஏழுமலை ஆஃப் பண்ணினதா சொல்றானே."

"சொன்னான் சார். ஆனா பண்ணல. பண்ணியிருந்தா எப்படிப் பொறி வரும்?"

"நானும் பார்த்தேன். கீழே விழுந்த சார்ஜரை எடுக்கும்போது சுவிட்ச் ஆன்லதான் இருந்தது. போட்டு டெஸ்ட்டும் பண்ணினேன். போட்டா எரியுது, அணைச்சா அணையுது. மீட்டர் வச்சும் பார்த்துட்டேன். ஒரு கோளாறும் இல்ல."

"அப்புறம் என்ன சார்? அவன் கூட இனிமே எப்படி நான் வேலை செய்யறது? அடுத்த தடவை ரெண்டு கண்ணும் போயிடும்."

பத்து வருஷம் கூட நின்றவரைப் பற்றி நான் சொன்னது இதுதான். முதலாளி கெட்டவர் இல்லை. சார்ஜர் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் ஆனில் இருந்தது, அடிபட்டவன் இப்படிச் சொல்கிறான். அவர் வேறு என்ன செய்வார்? அந்த வாரமே ஏழுமலையை நிறுத்திவிட்டார். "நான் ஆஃப் பண்ணேன் சார்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

ஐந்து வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். முதலாளி புது சார்ஜர் வாங்கியிருந்தார். பழையது ரேக்குக்கு அடியில் கிடந்தது. முதல் வேலையாக அதை எடுத்து வைத்து நானும் பார்த்தேன். சுவிட்சைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது, கிளிப்பில் வைத்த கைமீட்டர் வோல்ட் காட்டியது. அணைத்தேன், விளக்கு அணைந்தது, மீட்டர் இறங்கியது. பத்து தடவை செய்தேன். பத்து தடவையும் சரி. மனசு லேசாகிவிட்டது. நான் சொன்னது சரிதான் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். ஒரு சோதனை நீங்கள் ஏற்கெனவே நம்பியதையே சொல்லி உங்களுக்கு நிம்மதி கொடுத்தால், டீ குடிக்கப் போகாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழங்கள் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்வதற்காக அஸ்தினாபுரத்தில் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். முதலில் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி இமையை விரித்துப் பார்த்தார். பிறகுதான் உட்காரச் சொன்னார். காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"பைப் பிடிச்சாரே, அவர் எப்படி இருக்கார்? பாவம், அன்னைக்கு அப்படி நடுங்கினார்."

"அவர் இப்ப கடையில இல்லைம்மா. அவர் ஆஃப் பண்ணாததாலதானே இவ்வளவும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யார் சொன்னது? அவர் ஆஃப் பண்ணினாரே. நான் பார்த்துட்டே இருந்தேன். சுவிட்சைத் தட்டினார், சிவப்பு லைட் அணைஞ்சுது. அப்புறம்தான் உங்களுக்குப் பதில் சொன்னார்."

"இல்லைம்மா, எடுக்கும்போது சுவிட்ச் ஆன்ல இருந்துது."

"கீழே விழுந்துதானே கிடந்தது? விழுந்ததுல தட்டியிருக்கும். எங்க லேப்ல பர்னர் அணைஞ்சுதா, லைட் அணைஞ்சுதான்னு பார்க்கறதே என் வேலை சார். முப்பது பிள்ளைங்க இருக்கற ரூம். என் கண்ணு தானா அங்கதான் போகும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"என்கிட்ட யாரும் இதைக் கேட்கலையே சார்" என்றார். உண்மைதான். சம்பவத்தை நேரில் பார்த்த ஒரே ஆள் அவர். முதலாளியோ நானோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மூளை ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்தது உண்மை என்றால், பொறி வந்ததும் உண்மை. விளக்கு அணைந்தும் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதே? தாம்பரம் தாண்டும்போதுதான் சட்டென்று உறைத்தது. வண்டி நிற்கிறது என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப நிக்குது? ஸ்டார்ட் பண்ணின உடனேயா, சூடானப்புறமா?" என்பதுதான். அன்றைக்கு அந்தச் சார்ஜர் காலையிலிருந்து ஓடியிருக்கிறது. சித்திரை வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தகரத்தைத் தொட முடியாது. முதலாளியும் நானும் ஆறிக் கிடந்த சார்ஜரை இரண்டு நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டோம். முகம் தெரியாத கஸ்டமரிடம் கேட்கும் கேள்வியை, என் கூடச் சாப்பிட்டவருக்காக நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் பழைய சார்ஜரை முன்பு இருந்த அதே மூலை மேஜையில் வைத்தேன். பேட்டரி வைக்கவில்லை. அதற்குப் பதில் இரண்டு ஹெட்லைட் பல்பை நேராக மாட்டினேன். கரண்ட் வந்தால் பல்ப் எரியும், நின்றால் அணையும். வெடிக்க ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டேன். அரை மணிக்கு ஒரு தடவை சுவிட்சை அணைத்துப் பார்ப்பது, மறுபடி போடுவது. முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா செய்யறே?" என்றார். "ஒரு சந்தேகம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

காலை முழுக்க ஒழுங்காகவே நடந்துகொண்டது. சிவப்பு விளக்கும் பல்பும் சேர்ந்தே எரிந்தன, சேர்ந்தே அணைந்தன. மதியம் சாப்பிடும்போது எனக்கே ஒரு ஆசை வந்தது. அந்த அம்மா தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆசை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டரை மணிக்குச் சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. ஹெட்லைட் பல்ப் இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன.

கையை எடுத்துவிட்டுப் பார்த்தபடி நின்றேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. சுவர் முழுக்க வெளிச்சம். மீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கியது.

"சார், கொஞ்சம் வாங்க" என்றேன். முதலாளி வந்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பல்பையே பார்த்தார். பிறகு குனிந்து, ரேக்குக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கை அவரே பிடுங்கினார். அப்போதுதான் பல்ப் அணைந்தது.

நான் உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். சுவிட்சுக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். முதலாளி என் கையைப் பிடித்தார்.

"திறக்காதே. திறந்தா மறுபடி இதே மாதிரி செய்யுமோ செய்யாதோ. முதல்ல ஏழுமலை பார்க்கட்டும்."

அந்த நிதானத்துக்காக இன்றும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எனக்குக் கோளாறுதான் முக்கியமாக இருந்தது. அவருக்கு ஆள் முக்கியமாக இருந்தார். ஏழுமலை வீட்டுக்குத் தானும் கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், சொன்னவன் நான், நானே போகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலமே பீர்க்கன்கரணைக்குப் போனேன். ஏரிக்குப் பக்கத்துத் தெரு. ஏழுமலையின் மனைவி வாசலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். வாங்க என்று சொல்லவில்லை.

"தண்ணி கேன் போட போய்க்கீறாரு. வர்ற நேரந்தான்" என்றார். பிறகு அடக்க முடியாமல், "ஆஸ்பத்திரிக்கு உங்கள பாக்க ரெண்டு வாட்டி வந்தாருண்ணா. உங்க வூட்டாளுங்க வாசல்லயே அவர திட்டிக்கினு இருந்தாங்களாம். வெளியவே நின்னுட்டுத் திரும்பி வந்துட்டாரு" என்றார்.

எனக்கு அது தெரியாது. என் மைத்துனன்தான் அது. அவனுக்கு அந்தக் கோபத்தைக் கொடுத்தது நான்.

ஏழுமலை மொபெட்டில் காலி கேன்களோடு வந்தார். வண்டியை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தபடியே நேராக வந்து, எதுவும் சொல்லாமல் தன் உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடினார். இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினார்.

"இது எத்தினி?"

"மூணு."

"இது?"

"ரெண்டு."

கையை எடுத்தார். "கண்ணு தெரியுது" என்று மனைவியிடம் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பார்த்ததை, பல்ப் எரிந்ததை, முதலாளியிடம் அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளைக்கூட ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் அதுவரை வந்ததில்லை, வந்தபோது சின்னதாகத்தான் இருந்தது.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"லைட்டு அணைஞ்சுதுண்ணா. நான் பாத்தேன். அப்புறம் நீ சொன்ன, சார் சொன்னாரு, அல்லாரும் சொன்னாங்க. எனக்கே டவுட்டு வந்துட்ச்சு. பேசிக்கினே தட்டாம வுட்டுட்டேனோ? தட்டினா மாதிரி நெனச்சுக்கினேனோ? வேல போனது பேஜார்தான், அது வேற. இந்தக் கையாலதான் உன் கண்ணு போச்சோன்னு..." அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு வாரமா நானே என்ன நம்பலண்ணா."

நான் அவருடைய வேலையை மட்டும் பறித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"வேலைக்கு வா ஏழுமலை. சார் கூப்பிடச் சொன்னார்."

"வேல கெடக்கட்டும். எனக்கு அத காட்டுண்ணா. நான் பாக்கணும்."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். சார்ஜரை அதே மூலையில் வைத்து, பல்ப் மாட்டி, ஓடவிட்டோம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார். முதலாளி அவருக்கு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். "நான் விசாரிச்சிருக்கணும்ப்பா" என்றார். ஏழுமலை தலையை மட்டும் ஆட்டினார். கண் பல்பிலேயே இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் டிபன் கேரியரை அங்கேயே கொண்டுபோய்ப் பிரித்தேன். இரண்டு பேரும் சார்ஜரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

பிறகு அந்தச் சுவிட்சைத் திறந்து பார்த்தோம். உள்ளே கரண்ட்டை இணைக்கும் காண்டாக்ட் இரண்டு, தனித்தனியாக. ஒன்று விளக்குக்கு, இன்னொன்று டிரான்ஸ்பார்மருக்கு. டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பிளாஸ்டிக் சூட்டில் வளைந்து, நன்றாகச் சூடேறினால் மட்டும் காண்டாக்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறினால் விட்டுவிடும். அவ்வளவு சின்னக் கோளாறு. அன்றிலிருந்து எங்கள் கடையில் பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, காற்று கலையக் கொஞ்ச நேரம் விட்டு, கண்ணாடி போட்டபிறகுதான் யாரும் கிளிப்பைத் தொடுவார்கள். நீங்கள் இன்று செய்கிற அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு பள்ளிக்கூட லேப் அட்டெண்டரும், பொறுமையான ஒரு முதலாளியும், வேலையும் நிம்மதியும் இழந்த ஒரு மனிதரும் கொடுத்தது. என்னால் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தது நன்றி மட்டும்தான். அதை இப்படி உங்களிடம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் சுவிட்சைத் திறந்தது பிறகு. அன்றைக்கு மூன்று மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "இப்ப பண்ணட்டா?" என்று கேட்டார் ஏழுமலை.

"பண்ணு" என்றேன்.

வலது கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார். 'டக்' என்று சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. பல்ப் இரண்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஆஃப் பண்ணேன்" என்று மெல்லச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. பல்ப் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து, கண்ணில் நின்ற தண்ணீர் தெரிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

அதற்குள் வாசலில் ஒரு கார்க்காரர் வந்து நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். நான் திரும்புவதற்கு முன்பே ஏழுமலை எழுந்துவிட்டார். முழங்கையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"வாங்க சார். இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?"